படலைச் சென்சர்

போன கிழமை நமது பழைய வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் உங்களில் யாரோ அந்த மஞ்சள் பிளாஸ்ரிக் பெட்டியின் படத்தைப் போட்டிருந்தார். உடனே எல்லாரும் தரையில் ஒட்டிய கறுப்பு ரேப் கோட்டைப் பார்த்து ஓடிய குட்டிக் காரைப் பற்றி எழுதத் தொடங்கினீர்கள். அது பள்ளி அதிபரின் கதிரைக் காலில் போய் முட்டிய கதையை மூன்று பேர் மூன்று விதமாக எழுதினீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அந்தப் பெட்டியிலிருந்த வேறு சில சாமான்கள் அந்த வருடம் எங்கள் வீட்டுக்கு வந்தன. உங்களில் பலருக்கு அது தெரியும், அதற்குப் பிறகு நடந்தது தெரியாது. வயது முப்பதை நெருங்கிக்கொண்டிருக்கிற நேரத்தில் எழுதி வைக்கலாம் என்று தோன்றுகிறது.

நாம் ஒன்பதாம் வகுப்புக்கு வந்த தை மாதம் அது. மழை விட்டு, வயல் வரம்புகள் காயத் தொடங்கியிருந்தன. வெளிநாட்டிலிருந்த ஒரு பழைய மாணவர் அனுப்பியதாகச் சொல்லி அந்தப் பெட்டியை விஞ்ஞான சேர் மேசையில் வைத்துத் திறந்தார். புதுச் செருப்புக் கடைக்குள் நுழைந்தால் வருமே, அப்படி ஒரு வாசம். உள்ளே சின்னச் சின்ன அறைகள். ஒவ்வொரு அறையிலும் நாம் பெயர் அறியாத ஒரு சாமான்.

சேர் அப்போதுதான் யாழ்ப்பாணத்திலிருந்து முதல் நியமனத்தில் வந்தவர். அவருக்கும் அது புதிது. அதை அவர் மறைக்கவில்லை.

"பிள்ளையள், எனக்கும் இதுதான் முதற்தரம். எரிஞ்சா எரியட்டும். சிவப்பு வயரையும் கறுப்பு வயரையும் மட்டும் மாறிக் குடுத்திடாதேங்கோ" என்றார்.

இரண்டு நீலப் பலகைகள் இருந்தன. அவற்றைத்தான் அவர் மூளை என்பார். ஓரங்களில் வரிசையாகத் துவாரங்கள். சென்சர் உணர்வதை ஒரு துவாரத்தால் மூளைக்குச் சொல்லும். அப்படிச் சொன்னால் என்ன செய்யவேண்டும் என்று நாம் கணினியில் எழுதி ஏற்றியிருப்போம். மூளை அதன்படி இன்னொரு துவாரத்தால் விளக்கையோ மோட்டரையோ இயக்கும். சென்சர்களுக்கு நாமே பெயர் வைத்தோம். பாதி முட்டையைக் கவிழ்த்து வைத்தது போல வெள்ளைக் குமிழ் உள்ளது முட்டை. உடம்புச் சூடு உள்ள எது முன்னால் அசைந்தாலும் அதற்குத் தெரியும். இரண்டு வட்டக் கண்ணோடு முழிப்பது ஆந்தை. அது ஒரு சத்தத்தை அனுப்பி, அது பட்டுத் திரும்பி வருகிற நேரத்தை வைத்து, முன்னால் நிற்பது எவ்வளவு தூரத்தில் நிற்கிறது என்று சொல்லும்.

என்னோடு ஒரே வாங்கில் இருந்தவளை உங்களுக்குத் தெரியும். அவளுடைய குடும்பம் மலைநாட்டிலிருந்து வந்து வன்னியில் குடியேறியது. தாயும் தகப்பனும் மற்றவர்களின் வயலில் வேலை செய்தார்கள். வீட்டில் 'வந்தேன்' என்பாள், பள்ளிக்கூடத்தில் 'வந்தனான்' என்பாள், அவசரம் வந்தால் இரண்டும் கலந்துவிடும். ஈயம் பற்றவைக்கிறபோது மூச்சைப் பிடித்துக்கொள்வாள். முடிந்ததும் அந்தப் புகையோடு சேர்த்து ஒரு பெருமூச்சு விடுவாள். கார் செய்கிற கூட்டத்தில் எங்களுக்கு இடம் கிடைக்கவில்லை. மிஞ்சிய சாமான்களைத் தந்து, "நீங்கள் ரெண்டு பேரும் ஏதாவது யோசியுங்கோ" என்றார் சேர்.

நான் யோசிக்கவே தேவையிருக்கவில்லை.

என் அம்மாவுக்குக் காது கேட்காது. பிறவியிலேயே அப்படியில்லை. கடைசிச் சண்டையில் பங்கருக்குப் பக்கத்தில் விழுந்த செல் அவவின் இரண்டு காதையும் எடுத்துக்கொண்டது. அதே நாட்களில்தான் அண்ணாவும் போனார். போனார் என்றால், நாங்கள் சண்டை நடந்த இடத்தை விட்டு வெளியே வந்த அன்று, ஆமிக்காரர் இளம் ஆண்களை வேறு பஸ்ஸில் ஏற்றினார்கள். ஜன்னலால் அண்ணா எங்களைப் பார்த்து ஏதோ சொன்னார். அப்பாவுக்கும் எனக்கும் அந்த இரைச்சலில் விளங்கவில்லை. அம்மாவுக்குக் கேட்கவே இல்லை. அந்த பஸ் எங்கே போனது என்று இன்றுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பரந்தனிலிருந்து உள்ளே போகிற வாய்க்கால் வீதியில் எங்களுக்கு ஒரு வீட்டுத்திட்ட வீடு கிடைத்தது. அண்ணா பார்த்திராத வீடு. அப்பா வவுனியாவில் நெளுக்குளம் பக்கத்தில் ஒரு அரிசி ஆலையில் வேலை செய்தார். சனிக்கிழமைகளில் வருவார். நான் பள்ளிக்கூடம் போனால் அம்மா தனியே. வீதியோர வேலிப் படலையில் நின்று யார் கூப்பிட்டாலும் தெரியாது. அதனால் உடுப்புத் தோய்க்கிற கல்லைப் படலை தெரியும்படி மாற்றிப் போட்டிருந்தா. குசினிக்குள் படலைப் பக்கம் முதுகைக் காட்டி நிற்க மாட்டா. கிணற்றடிக்குக் குளிக்கப் போனால் என்னைப் படலையில் நிறுத்திவிட்டுத்தான் போவா.

ஒருநாள் சொன்னா: "அவன் வந்து கூப்பிடுவான். ஒருத்தரும் வராட்டி, இது வேற ஆற்றையோ வீடு எண்டு திரும்பிப் போயிடுவான், பிள்ளை."

இதற்காகத்தான் அந்தச் சென்சர்.

படலைக் கட்டையில் முட்டை. அதோடு ஒரு நீலப் பலகையும், வானொலி போலச் செய்தி அனுப்புகிற ஒரு சின்ன வில்லையும். மற்றப் பலகை அம்மாவிடம். அதில் செய்தி வாங்குகிற வில்லையும் ஒரு அதிர்கிற மோட்டரும். பரந்தன் சந்தியில் போன் திருத்துகிற கடைக்காரர் செத்த போன் ஒன்றைக் கிண்டி அந்த மோட்டரை எடுத்துத் தந்தார். ஒரு கச்சான் கொட்டை அளவுதான். அதை நேரே மூளையின் துவாரத்தில் கொழுவினோம். மோட்டர் சுற்றத் தொடங்கியதும் மூளை மயங்கி விழுந்து, பிறகு எழும்பி, மறுபடி விழுந்தது. மோட்டர் கேட்கிற மின்னை அந்தத் துவாரத்தால் கொடுக்க ஏலாது, இடையில் ஒரு ட்ரான்சிஸ்டர் வேண்டும் என்று சேர் இரவிரவாக எங்கேயோ வாசித்துவிட்டு வந்து சொன்னார். பிறகு செய்தி வீட்டுக்கு எட்டவில்லை. படலைக்கும் மாமரத்துக்கும் நடுவில் செத்துப்போனது. இரண்டு வில்லையிலும் ஒரு சாண் நீள வயரை வாங்குத் தோழி பற்றவைத்த பிறகு, குசினியின் கடைசிச் சுவர்வரை வந்தது.

அம்மாவின் பெட்டியைச் சவுக்காரப் பெட்டிக்குள் அடக்கி, துணிப்பை தைத்து, இடுப்பில் கட்டிவிட்டோம். வாங்குத் தோழி படலைக்குப் போனாள். அம்மா எனக்கு முன்னால் நின்றா. திடீரென்று அவவின் கண் பெரிதாகியது. கையை இடுப்பில் வைத்தா.

"எடியே, துடிக்குது" என்றா. தன்னுடைய சத்தம் தனக்குத் தெரியாததால் அம்மா எப்போதும் உரத்துத்தான் கதைப்பா. அன்று மூன்று வீட்டுக்குக் கேட்டிருக்கும். "உயிர் உள்ள சாமான் மாதிரித் துடிக்குது!"

வாங்குத் தோழியைக் கட்டிப்பிடித்து, அவளுடைய கன்னத்தை இரண்டு கையாலும் தடவினா. அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அந்த ஒரு பின்னேரத்தைப் பற்றி மட்டும் நான் எழுதி நிறுத்திக்கொள்ளலாம். நிறுத்தினால் நன்றாகத்தான் இருக்கும்.

அடுத்த நாள் பள்ளிக்கூடத்தால் வந்தபோது அம்மா படலையில் நின்று மூச்சு வாங்கினா. காலில் செருப்பு இல்லை. கை முழுக்க அரிசி மா.

"ஆர் வந்தது?" என்று வாயசைத்துக் கேட்டேன்.

"ஆடு" என்றா.

முட்டைக்கு ஆளும் ஆடும் ஒன்றுதான். நாயும் ஒன்றுதான். வெயிலில் சுட்டுப்போன பூவரசம் இலைக் கொத்து காற்றில் ஆடினாலும் அதற்கு ஆள்தான். பெட்டி துடிக்கும். அம்மா ஓடுவா. தேங்காய் துருவுவதை விட்டு, அடுப்பில் கறியை விட்டு, ஒருநாள் தலையில் சவுக்கார நுரையோடு. எதிர்வீட்டுக்காரர் சைக்கிளை வாசலில் உருட்டினாலும் ஓடுவா. ஒவ்வொரு முறையும் முதல் முறை போலவே ஓடுவா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. நேற்று இருபது தரம் ஆடு வந்தது என்பது இன்றைக்குக் கணக்கில் இல்லை.

முட்டையின் பின்பக்கத்தில் இரண்டு சின்னத் திருகுகள் இருக்கும். ஒன்றைத் திருகினால் எவ்வளவு தூரத்துக்கு உணர வேண்டும் என்பது மாறும். நான் திருப்புளியோடு வேலியடியில் குந்தியிருந்து குறைத்துக்கொண்டே வந்தேன். குறைத்தால் ஆளையும் விட்டுவிட்டது. கூட்டினால் வீதியில் போகிற மாட்டையும் பிடித்தது. நடுவில் ஒரு இடம் இருக்கும் என்று நம்பி மாசி மாதம் முழுக்க அந்தத் திருகோடு கிடந்தேன்.

சனிக்கிழமை அப்பா வந்தார். வழமைபோல ஒரு கையில் பை, மற்றக் கையால் படலையைத் தூக்கித் திறந்தார். குசினியிலிருந்து அம்மா பாய்ந்து வந்தா. முகம் எரிகிற விளக்குப் போல இருந்தது. மாமரத்தைத் தாண்டியதும் அப்பாவைக் கண்டா. அந்த முகம் அணைந்தது. ஒரு கணம்தான். பிறகு சிரித்துக்கொண்டு, "வாங்கோ, களைச்சுப் போனியள்" என்று பையை வாங்கினா.

 கிணற்றடியில் கால் கழுவுகிறபோது அப்பா என்னைப் பார்த்து, "உது நான் வந்தாலும் அடிக்குமோ?" என்று கேட்டார்.

"ஓம் அப்பா. ஆர் வந்தாலும்."

அடுத்த சனிக்கிழமை அவர் படலையால் வரவில்லை. பின்வளவு வேலியில் ஆடு புகுந்து ஆக்கிய ஓட்டையால் குனிந்து வந்தார். வெள்ளை சேட்டில் முட்கம்பி கீறியிருந்தது. "வயல்பக்கத்தால வந்தனான், கிட்டடி" என்றார். வயல்பக்கத்தால் வருவது கிட்டடி இல்லை, சுற்று வழி என்பது எனக்கும் தெரியும். அதன்பிறகு அந்த வருடம் முடியும்வரை அவர் தன்னுடைய வீட்டுக்குள் அப்படித்தான் வந்தார்.

பங்குனியில் கிளிநொச்சியில் விஞ்ஞானக் கண்காட்சி வந்தது. உங்கள் காரும் வந்தது, ஞாபகமிருக்கும். சேர் எங்கள் வீட்டுக்கே வந்து கேட்டார்.

"அம்மாவையும் கூட்டிக்கொண்டு போவம். பாவிக்கிற ஆளே வந்து நிண்டு காட்டினா அதுக்கு ஒரு தனி மதிப்பு."

அவர் நல்லவர். அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை. நான் அன்று அவரைப் பெரிய ஆள் என்று நினைத்தேன். இப்போது எண்ணிப் பார்த்தால், எனக்கு இன்றுள்ள வயதைவிடக் குறைந்த வயது அவருக்கு. விருந்தாளி வந்தால் தெரிவதற்கான கருவி என்றுதான் அவர் நினைத்திருந்தார். மட்டையிலும் அப்படித்தான் வடிவாக எழுதி ஒட்டினார்: 'செவிப்புலன் குறைந்தோருக்கான வாசல் அழைப்புக் கருவி.' அம்மா யாருக்காகக் காத்திருக்கிறா என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவற்றைச் சொல்லத் தேவையில்லை என்று நாங்கள் நினைத்தோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த ஒருவருக்குச் சொல்லத்தான் வேண்டியிருந்தது போல.

அம்மா நல்ல சீலை உடுத்து வந்தா. மண்டபத்தில் இரண்டு தடியை நட்டு, படலை போலச் செய்து, முட்டையைக் கட்டினோம். பெட்டி அம்மாவின் இடுப்பில். பிறகு கதவைத் திறந்து சனத்தை விட்டார்கள்.

நாங்கள் ஒருவரும் அதை யோசிக்கவில்லை. மண்டபம் நிறையச் சனம். எல்லாரும் முட்டைக்கு முன்னால் அசைந்துகொண்டே இருந்தார்கள். பெட்டி ஓயாமல் துடித்தது. அம்மா முதலில் தடிப் படலையைப் பார்த்தா. பிறகு மண்டப வாசலைப் பார்த்தா. பிறகு பக்கத்துக் கதவை. பிறகு வந்த ஒவ்வொரு இளந்தாரியின் முகத்தையும். கழுத்து அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்பிக்கொண்டேயிருந்தது. ஒரு கை இடுப்பில், மற்றக் கை என் தோளில். விரல் நகம் சட்டைக்கு மேலால் அழுந்தியது.

"சேர், பற்றறியைக் கழட்டட்டா?" என்று கேட்டேன்.

"கொஞ்சம் பொறும் பிள்ளை, நடுவர்மார் வருகினம்."

நடுவர்களில் ஒரு அம்மா குனிந்து, வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகக் கேட்டா: "இதால உங்களுக்கு என்ன பிரயோசனம், அம்மா?"

அம்மா அவவின் உதட்டைப் பார்த்துவிட்டு, வீட்டில் கதைக்கிற அதே உரத்த குரலில் சொன்னா: "மகன் வந்தா எனக்குத் தெரியும்."

"மகன் எங்க வேலை செய்யிறார்?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தா. கேள்வி விளங்கவில்லையா, விளங்கியும் என்ன சொல்வதென்று தெரியவில்லையா என்று என்னால் சொல்ல முடியாது.  எங்களைச் சுற்றி நின்றவர்களில் பாதிப் பேருக்காவது அது விளங்கியிருக்கும். எல்லா வீட்டிலும் ஒரு ஆள் அப்படி. நடுவர் அம்மா நிமிர்ந்து, கையிலிருந்த தாளைப் பார்த்துக்கொண்டு நின்றா. சேரின் முகம் வெளிறிவிட்டது. அவர் தானே முன்னால் வந்து பற்றறியைக் கழற்றினார். 

எங்களுக்கு ஆறுதல் பரிசு தந்தார்கள்.  பஸ்ஸால் இறங்குகிறபோது சேர், "வருசம் முடியிறவரைக்கும் சாமானை நீங்களே வைச்சிருங்கோ. வேற என்ன வேணுமெண்டாலும் கேளுங்கோ" என்றார்.

நான் ஆந்தையைக் கேட்டேன்.

யோசனை வாங்குத் தோழியுடையது. "முட்டையும் சொல்லணும், ஆந்தையும் சொல்லணும். ரெண்டும் சொன்னாத்தான் பெட்டி துடிக்கணும்" என்றாள். ஆந்தையைப் படலைக் கட்டையில் ஆளின் நெஞ்சு உயரத்தில் கட்டினால், ஆடும் நாயும் கீழால் போய்விடும். இலை ஆடினால் முட்டை ஏமாறும், ஆந்தை ஏமாறாது. மாடு மட்டும்தான் பிரச்சினை. மாட்டுக்கு நாங்கள் படலையைச் சாத்தினால் போதும். சித்திரை விடுமுறை முழுக்க எங்கள் வீட்டில் இருந்து இரண்டு பேரும் வயர் கொழுவினோம், எழுதினோம், அழித்தோம், திரும்ப எழுதினோம். ஆந்தையின் ஒரு கம்பிக் கால் வயரோடு சரியாகப் பிடிக்காமல் இரண்டு நாள் வீணாகப் போனது. அம்மா எங்களுக்குப் பனங்கட்டியோடு தேத்தண்ணி தந்துவிட்டுப் பக்கத்தில் குந்தியிருப்பா.

"உது என்ன செய்யும்?" என்று ஆந்தையைக் காட்டிக் கேட்டா.

"சத்தம் போடும் அம்மா. சத்தம் ஆளிலை பட்டுத் திரும்பி வரும்."

"எனக்குக் கேக்காட்டி உங்களுக்குக் கேக்குதோ?"

"இல்லை. அது ஒருத்தருக்கும் கேளாத சத்தம்."

அம்மா, "அப்ப இந்தச் சத்தத்துக்கு நாங்கள் எல்லாரும் ஒண்டுதான்" என்று சொல்லிச் சிரித்தா. அவ சிரித்து நான் நெடுநாள் பார்த்திருக்கவில்லை.

வேலை செய்தது. உண்மையாகவே நன்றாக வேலை செய்தது. ஆடு போனது, துடிக்கவில்லை. நாய் போனது, துடிக்கவில்லை. வாங்குத் தோழி போனாள், துடித்தது. தபால்காரர் வந்தார், துடித்தது. நாங்கள் இரண்டு பேரும் முற்றத்தில் குதித்தோம். நாங்கள் செய்தவற்றில் அதுதான் மிகச் சரியாக வேலை செய்த சாமான்.

எங்கள் வீட்டுக்கு யார் வருவார்கள்? தபால்காரர் எப்போதாவது. மீன்காரர் வீதியிலேயே நிற்பார். அப்பா பின்வேலியால் வருவார். அதனால் பெட்டி துடிக்கவில்லை. காலை துடிக்கவில்லை, மத்தியானம் துடிக்கவில்லை, பின்னேரமும் துடிக்கவில்லை.

முதல் இரண்டு மூன்று நாள் அம்மா வேலைகளை நிதானமாகச் செய்தா. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பிறகு, நான் பள்ளிக்கூடத்தால் வந்தவுடன், "ஒருக்காப் படலைக்குப் போட்டு வா, பிள்ளை" என்பா. நான் போவேன், துடிக்கும். "சரி, வேலை செய்யுது" என்பா. கொஞ்சநேரத்தில் திரும்பவும், "இன்னொருக்காப் போட்டு வா." புத்தகப் பையைத் தோளிலிருந்து இறக்க முன்னமே நான் படலைக்கும் வீட்டுக்கும் நடப்பேன். துடித்தால் முகம் ஆறும். துடித்தது நான் நடந்ததனால்தான் என்று ஞாபகம் வந்ததும் திரும்ப வாடும்.

வைகாசியில் சோழகக் காற்று தொடங்கியது. அம்மா குசினிக் கதிரையில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருக்கத் தொடங்கினா. சிலநேரம் அதைக் கன்னத்தோடு வைத்துப் பார்ப்பா. சோறு ஆறிப்போகும். முந்தி ஓடி ஓடிக் களைத்தவ, இப்போது எழும்புவதே குறைந்துவிட்டது.

ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "உதை முந்தி இருந்த மாதிரி விடு" என்றா.

"அம்மா, முந்தி அது பிழையா வேலை செய்தது."

"பிழையா எண்டாலும் செய்தது."

"ஆட்டுக்கும் நாய்க்கும் ஓடினனீங்கள்."

"ஓம். ஓடினனான்தான்." என் வாயையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னா: "துடிச்சா, ஓடிப் போய்ப் பாக்கும்வரைக்கும் அது அவன்தானே பிள்ளை. இப்ப ஒருத்தரும் வரேல்லை எண்டு உது எனக்கு நாள் முழுக்கச் சொல்லுது."

வாங்குத் தோழியிடம் சொன்னேன். அவளுக்குக் கோபம் வந்தது. "ஆட்டைப் பாக்க ஓட விடுறதா? பாவம்டி அவங்க. நான் மாத்தித் தரமாட்டேன்." பிறகு, "அவங்க சாப்பிடுறாங்களா?" என்று கேட்டாள்.

"இல்லை."

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

சனிக்கிழமை அப்பாவிடம் கேட்டேன். அவர் பின்வேலியால் வந்து, சேட்டைக் கழற்றிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தார். முழுவதையும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டார். ஆலையின் உமித்தூள் அவருடைய காதோர மயிரில் ஒட்டியிருந்தது.

"என்னட்டைக் கேளாத, பிள்ளை. எனக்குத் தெரிஞ்சா இவ்வளவு நாளும் நான் செய்திருக்க மாட்டனோ?"

பெரியவர்களுக்கு ஒரு முடிவு இருக்கும், சொல்லத்தான் மாட்டார்கள் என்று அதுவரை நினைத்திருந்தேன். அன்றைக்குத்தான் அவரிடமும் ஒன்றும் இல்லை என்று தெரிந்தது.

ஆந்தையைக் கழற்றினோம். வாங்குத் தோழிதான் கழற்றினாள், என்னைத் தொட விடவில்லை. முட்டையின் திருகை முழுவதும் கூட்டிவிட்டாள். அன்று பின்னேரமே ஆடு வந்தது, அம்மா ஓடினா. வந்து சோறு தின்றா. நாங்கள் இரண்டு பேரும் மாமரத்தடியில் நின்று, அவ ஒவ்வொரு கவளமாகத் தின்பதைப் பார்த்தோம். சரி செய்தோமா பிழை செய்தோமா என்று இரண்டு பேரும் கேட்டுக்கொள்ளவில்லை.

வெயில் ஏற ஏற இன்னொரு கரைச்சல் வந்தது. நடுமத்தியானத்தில் காற்றின் சூடும் உடம்பின் சூடும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டால், முட்டைக்கு ஆள் தெரியாது. அதை எங்களுக்குத் தாளில் எழுதி ஒருவரும் தரவில்லை. அம்மாதான் கண்டுபிடித்தா. அதனால் மத்தியானங்களில் மட்டும் அவவே படலையில் போய் நிற்பா. தலையில் சீலைத் தலைப்பு, கண்ணுக்கு மேலே கை. வீதியின் இரண்டு பக்கமும் கானல் நெளியும். சென்சருக்கு ஏலாத நேரத்தில் அம்மா சென்சரின் வேலையைப் பார்த்தா.

மார்கழியில், பரீட்சை முடிந்த பிறகு, சேர் வந்தார். சைக்கிளைப் படலையில் சாத்தினார். அம்மா குசினியிலிருந்து ஓடி வந்தா. மாமரத்தைத் தாண்டி, அவரைக் கண்டு, நின்றா. இந்த முறை முகத்தை மறைக்கவும் மறந்துவிட்டா. சேர் அதைப் பார்த்தார். கண்காட்சிக்குப் பிறகு அவருக்கு எல்லாம் தெரியும்.

"சாமான் கணக்குப் பாக்க ஆக்கள் வருகினம்" என்று என்னிடம் சொன்னார். "நான் அவையிட்டைக் கேட்டுப் பாத்தனான் பிள்ளை. பள்ளிக்கூடச் சாமான் வீட்டிலை இருக்கக் கூடாதாம்." அம்மாவின் பக்கம் திரும்பினார். வாயை அசைத்தார், சத்தம் வரவில்லை. அது அம்மாவுக்காகத்தான் என்று முதலில் நினைத்தேன். பிறகு பார்த்தால், அவருக்குக் குரல் வரவில்லை.

அம்மாவுக்கு விளங்கிவிட்டது. இடுப்பிலிருந்து பையை அவிழ்த்து, பெட்டியை எடுத்து, சீலைத் தலைப்பால் துடைத்து, இரண்டு கையாலும் கொடுத்தா.

"வேற ஒரு பிள்ளை படிக்க வேணும்தானே, தம்பி. கொண்டு போங்கோ" என்றா. "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ."

சேர் தேத்தண்ணியைக் குடித்தார். சூடாக இருக்கும்போதே ஒரேயடியாகக் குடித்தார். படலைக் கட்டையிலிருந்து முட்டையை நான்தான் கழற்றிக் கொடுத்தேன். தை மாதம் அவர் மாற்றலாகிப் போய்விட்டார்.

வாங்குத் தோழி உயர்தர வகுப்புக்குப் போகவில்லை. கலியாணம் கட்டித் துணுக்காயில் இருக்கிறாள். போன மாதம் அவளுடைய மகள் இந்தச் சின்ன வயதிலேயே பள்ளிக்கூடத்தில் ஏதோ சென்சர் கொழுவுகிறாள் என்று சொல்லிச் சிரித்தாள். அண்ணா வரவில்லை. அப்பா ஆலையை விட்டுவிட்டார். இப்போது வீட்டோடு இருக்கிறார். ஆனால் நான் சொல்ல வந்தது சேர் வந்துபோன அடுத்த நாளைப் பற்றி.

நானும் அம்மாவும் குசினியில் இருந்தோம். அம்மா உள்ளி உரித்துக்கொண்டிருந்தா. திடீரென்று கை நின்றது. இடுப்பில், பெட்டி இருந்த இடத்தில், கையை வைத்தா.

"துடிக்குது" என்றா.

"அம்மா, பெட்டியை நேற்றுச் சேர் கொண்டு போயிட்டார்."

"தெரியும். ஆனா துடிக்குது பிள்ளை."

பை வெறுமையாகக் கொடியில் தொங்கியது. நான் கையை நீட்டி அவவின் இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன். வெறும் சீலை, அதற்குக் கீழே சூடான தோல். ஒன்றும் அசையவில்லை. வயர் இல்லை, பற்றறி இல்லை, கூட்டவோ குறைக்கவோ ஒரு திருகு இல்லை. எதைக் கழற்றினால் இது நிற்கும் என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே, அம்மா உள்ளித் தோலைத் தட்டிவிட்டு எழும்பினா. செருப்பைப் போடாமலே முற்றத்தில் இறங்கிப் படலைப் பக்கம் ஓடினா.